சோறு

பூசா வயல். செப்டம்பர்.
மழை விட்டும் விடாத புழுக்கம்.
சோயாச் செடிகள் முழங்காலுக்கு மேலே,
ஒரு குறையும் சொல்ல முடியாத பச்சை.

சுகாந்தி தேவி பிடுங்குவாள்.
நான் பிளப்பேன்.
பத்துச் செடிக்கு ஒரு பிளேடு, அரையடி ஸ்கேல்,
வியர்வையில் கையோடு ஒட்டிக்கொள்ளும் காகிதத்தில்
மூன்று பத்தி:
தண்டின் நீளம்
சுரங்கத்தின் நீளம்
வாசல் உண்டா, இல்லையா.

"பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது,
எதற்குக் கொல்கிறீர்கள்?"
முதல் வாரம் கேட்டாள்.
ஒரு தண்டை நெடுக்காகக் கீறிக் காட்டினேன்.
துருவேறிய குழாய்போல உள்ளே ஒரு சிவந்த வழி.
வழி முடிகிற இடத்தில்
குருணையை விடச் சிறிதாய், வெள்ளையாய்,
வெளிச்சம் பட்டதும் நெளிந்தது ஒன்று.
"அட" என்றாள்.
அப்புறம் கேட்கவில்லை.

ஈ கறுப்பு. எள்ளில் பாதி.
இளம் இலைக்குள் முட்டையைச் செருகிவிட்டுப் போய்விடும்.
புழு இலைநரம்பைப் பிடித்துக் காம்பில் இறங்கித்
தண்டுக்கு வந்து சேரும்.
தண்டின் நடுவே இருக்கிற வெண்மைக்கு
என் மொழியில் சோறு என்று பெயர்.
கற்றாழைக்குச் சொல்கிறோமே, அதே சோறு.
சுகாந்தியிடம் இதைச் சொன்னபோது
இந்தியில் வார்த்தை தேடித் தேடி
கடைசியில் 'சாவல்' என்றுவிட்டேன்.
தண்டுக்குள் அரிசியா என்று
மதியச் சாப்பாடு முடியும்வரை சிரித்தாள்.
மோதிஹாரியிலிருந்து வந்தவள்.
நான் வந்ததும் அதற்குத்தான், அரிசிக்கு.

எனக்குப் பிடிபடாதது வாசல்தான்.

ஈக்கு நக்கத் தெரியும், கடிக்கத் தெரியாது.
தூங்கி எழுந்தால் இறக்கை இருக்கும்,
சுற்றிலும் சுவரும் இருக்கும்.
ஆகவே புழு,
வாய் இருக்கும்போதே,
கூட்டுக்குள் அடங்குவதற்கு முன்பே,
தோலோரம் ஒரு துளையை அறுத்து
தூளால் அடைத்து வைக்கிறது.
கண் கிடையாது. கால் கிடையாது.
இறக்கை என்று ஒன்று உண்டென
அதற்கு யாரும் காட்டியதில்லை.
வரப்போகிறதன் தோள் எவ்வளவு அகலமென்று
எதை வைத்து அளந்தது?

'உண்டு' என்று எழுதுகிறேன்.

மார்ச் முப்பத்தொன்றோடு திட்டம் முடிகிறது.
தோடாப்பூர் அறைக்கு வாடகை ஏழாயிரம்.
அடுத்து என்ன என்று போனில் அப்பா கேட்டால்
பார்க்கலாம் என்கிறேன்.
கண் இருக்கிறவள் பேசுகிற பேச்சு.

சில கூடுகளிலிருந்து ஈ வருவதில்லை.
குளவி வருகிறது, நூல்போல.
உள்ளிருந்ததை உள்ளுக்குள்ளேயே தின்றுவிட்டு
சோதனைக் குழாயின் பஞ்சில் வந்து முட்டுகிறது.
அதற்குத் தனித்தாள் போடச் சொன்னார் நேகி சார்.
போட்டேன்.

சாயங்காலம்
பாலம் பக்கம் இறங்குகிற விமானங்களுக்குக் கீழே
பிளந்தவற்றைக் கட்டாகக் கட்டினாள் சுகாந்தி.
மருந்தடிக்காத பாத்திதானே என்று
இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள்.
ஆட்டுக்கு.
எரிக்க வேண்டியவை, கொடுக்கக் கூடாது.
நான் ஸ்கேலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சொன்னாள்:
"இலையெல்லாம் தின்றுவிட்டது. தண்டைத் தொடவில்லை."
ஆட்டுக்குத் தெரிந்திருக்கிறது,
பிளேடு இல்லாமலே.

ஒரு வாரம் கழித்து, பிடுங்கிக்கொண்டே,
ஏதோ ஞாபகம் வந்தவளாக:
"அந்தக் கட்டு சந்தில் கிடந்தது தீதி.
இன்று காலை அதிலிருந்து
என்னவோ பொடிப்பொடியாய்க் கிளம்பியது."

பிளக்காத நாலைந்து
கலந்து போயிருக்க வேண்டும்.

"கறுப்பா?" என்றேன்.
"எள்ளுக்கு இறக்கை வைத்தாற்போல" என்றாள்.
"பளபளவென்று."

எங்கே போயின என்று கேட்டேன்.
அவள் சந்தின் மேலே கையைக் காட்டினாள்.
தோடாப்பூரின் அத்தனை மின்கம்பிகளுக்கும் நடுவே
வானம் ஒரு முழம் தெரியும், அங்கே.

என் தாளில் அதற்குப் பத்தி இல்லை.
நாற்பத்தெட்டாம் செடியை எடுத்தேன்.